புகை விலகும் காலம்

புகைப்பழக்கத்தை விட்டொழிக்க முனைவோரில் பெரும்பாலோர் முதல் ஓரிரு வாரங்களுக்குள்ளேயே மீண்டும் அதனிடம் திரும்பிவிடுகின்றனர். 'மன உறுதி இல்லாதவர்' என்று வீட்டார் சலித்துக்கொள்கின்றனர். நாளடைவில் அவரும் அதையே நம்பத் தொடங்கி, அடுத்த முயற்சியை எடுக்கவே தயங்குகிறார். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இத்தகைய ஒருவரை நீங்கள் கண்டிருக்கக்கூடும். அந்த ஓரிரு வாரங்களில் அவருடைய மூளைக்குள் நிகழ்வது என்ன என்பதை இன்றைய அறிவியல் படம்பிடித்தே காட்டியிருக்கிறது. அதனை அறிந்தவர்கள் 'மன உறுதி இல்லாதவர்' என்னும் தீர்ப்பை அவ்வளவு எளிதில் வழங்கமாட்டார்கள்.

இலையில் உள்ள நஞ்சு

அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய புகையிலைச் செடி, போர்ச்சுகீசியர் வழியாக இந்தியாவுக்கு வந்தது. புதிதாக வந்த பொருளுக்கு அதன் பயன்பாட்டைக்கொண்டே பெயரிட்டது தமிழ்: புகைக்கும் இலை, புகையிலை. ஐரோப்பியரோ அதனை அறிமுகம் செய்தவரின் பெயரால் நினைவில் வைத்தனர். போர்ச்சுக்கலில் பிரான்சு நாட்டின் தூதராக இருந்த ழான் நிக்கோ, 1560ஆம் ஆண்டளவில் இச்செடியைப் பிரெஞ்சு அரசவைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரே செடியின் அறிவியல் பெயரிலும், 1828இல் செருமனியின் ஐடல்பர்க் நகரில் போசெல்ட், ரெய்மான் என்னும் இருவர் அதிலிருந்து பிரித்தெடுத்த வேதிப்பொருளின் பெயரிலும் இடம்பெற்றது. அப்பொருளே நிக்கோட்டின்.

செடி இதனை மனிதருக்காக உருவாக்கவில்லை. வேர்களில் உருவாகும் நிக்கோட்டின் இலைகளுக்குச் சென்று சேர்கிறது. இலையைக் கடிக்கும் பூச்சியின் நரம்புகளைத் தாக்கி அதனைச் செயலிழக்கச் செய்வதே அதன் பணி. புகையிலையை ஊறவைத்த நீரைப் பயிர்களுக்குப் பூச்சிவிரட்டியாகத் தெளிக்கும் வழக்கம் நம் உழவர்களுக்குத் தெரிந்ததே. பூச்சியின் நரம்பில் எந்த வாயிலை நிக்கோட்டின் தட்டுகிறதோ, அதே வகை வாயில்கள் மனித மூளையிலும் இருக்கின்றன. பூச்சிக்கென அமைந்த நஞ்சு மனிதரைப் பற்றிக்கொள்வதற்கு இதுவே காரணம்.

ஏற்பி என்னும் கருத்து

அந்த வாயிலுக்கு 'ஏற்பி' என்று பெயர். இக்கருத்து உருவானதே நிக்கோட்டினைக்கொண்டு செய்த ஓர் ஆய்விலிருந்துதான் என்பது பலர் அறியாத செய்தி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக உடலியல் அறிஞர் ஜான் நியூபோர்ட் லாங்லி, கோழியின் தசையில் நிக்கோட்டினைச் செலுத்தினார், தசை சுருங்கியது. நிக்கோட்டின் நரம்பைத் தூண்டியதால் தசை சுருங்கியதா, தசையையே நேரடியாகத் தூண்டியதா என்னும் ஐயம் எழுந்தது. தசைக்குச் செல்லும் நரம்பை வெட்டி, அது முற்றிலும் சிதையும்வரை காத்திருந்து, மீண்டும் நிக்கோட்டினைச் செலுத்தினார். அப்போதும் தசை சுருங்கியது. தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனிகளில் தடவிய குராரே என்னும் நஞ்சு அச்சுருக்கத்தைத் தடுத்தது. ஆகவே, இவ்விரு பொருள்களும் வந்து பொருந்தும் ஏதோ ஒன்று தசைச் செல்லிலேயே இருக்கவேண்டும் என்னும் முடிவுக்கு அவர் வந்தார். 1905இல் அதனை 'ஏற்கும் பொருள்' என்று குறிப்பிட்டார். கண்ணால் காண இயலாத ஒன்றை அதன் விளைவுகளைக்கொண்டே உய்த்துணர்ந்த அரிய ஆய்வு இது. இன்றைய மருந்தியலின் பெரும்பகுதி இக்கருத்தின்மீதுதான் நிற்கிறது.

ஏற்பி எதற்காக இருக்கிறது என்பதற்கு விடை பின்னர் கிடைத்தது. ஆட்டோ லோவி 1921இல் தவளையின் இதயத்தைக்கொண்டு செய்த ஆய்வில், நரம்புகள் வேதிப்பொருளைச் சுரந்து செய்தி அனுப்புகின்றன என்று மெய்ப்பித்தார். அப்பொருள் அசிட்டைல்கோலின் என்பது பின்னர் உறுதியாயிற்று. இத்துறைப் பணிக்காக லோவியும் என்றி டேலும் 1936இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒரு நரம்பணுவுக்கும் அடுத்த நரம்பணுவுக்கும் இடையே மிக நுண்ணிய இடைவெளி உண்டு. முன்னதன் முனையிலிருந்து வெளிப்படும் அசிட்டைல்கோலின் அவ்விடைவெளியைக் கடந்து, பின்னதன் மேலுள்ள ஏற்பியில் பொருந்துகிறது. ஏற்பி ஐந்து புரதத் துண்டுகளால் ஆனது. அவை நடுவில் ஒரு துளையைச் சூழ்ந்து, மலரின் இதழ்களைப்போல் நிற்கின்றன. அசிட்டைல்கோலின் பொருந்தியவுடன் துளை திறக்கிறது, மின்னேற்றம் கொண்ட சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, நரம்பணு தூண்டப்படுகிறது. உடனே ஒரு நொதி வந்து அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடுகிறது. எல்லாம் நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்திற்குள் முடிந்துவிடும். நினைவு, கவனம், விழிப்பு முதலியவை இத்தகைய எண்ணற்ற திறப்புகளாலும் மூடல்களாலும் நடைபெறுகின்றன.

அசிட்டைல்கோலினுக்கென அமைந்த இவ்வகை ஏற்பியை அறிவியலார் 'நிக்கோட்டின் ஏற்பி' என்றே அழைக்கின்றனர். வீட்டுக்காரர் பெயரை விடுத்து, அத்துமீறி நுழைந்தவர் பெயரை வீட்டுக்குச் சூட்டியது போன்றது இது.

கள்ளச்சாவி

புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் நிக்கோட்டின் நுரையீரலிலிருந்து இரத்தத்தில் கலந்து மூளையை அடைகிறது. மென்று சுவைக்கும் புகையிலையில் வாயின் உட்தோல் வழியே சற்று மெதுவாகச் சேர்கிறது. இவ்வளவே வேறுபாடு, சென்றடையும் இடம் ஒன்றுதான். அசிட்டைல்கோலினுக்குரிய ஏற்பியில் கள்ளச்சாவிபோல் அது பொருந்திக்கொள்கிறது.

நடுமூளையின் அடிப்பகுதியில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் உள்ளன. அவற்றின் மீதும் இவ்வேற்பிகள் இருப்பதால் நிக்கோட்டின் வந்தவுடன் டோபமின் மிகுதியாகச் சுரக்கிறது. டோபமினை 'இன்பம் தரும் பொருள்' என்று செய்தித்தாள்கள் எழுதுவது முழுவதும் சரியன்று. 'இப்போது செய்த செயல் பயனுடையது, மறவாமல் மீண்டும் செய்' என்று மூளைக்குக் கற்பிக்கும் பொருள் அது. பசித்தவருக்கு உணவு கிடைக்கும்போது மூளை இப்படித்தான் கற்றுக்கொள்கிறது. ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ 10 இழுப்புகள் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 20 சிகரெட்டுகள் புகைப்பவருக்கு இப்பாடம் ஆண்டுக்கு 73,000 முறை கற்பிக்கப்படுகிறது. வேறு எந்தப் பாடத்தையும் எவரும் இத்தனை முறை படித்ததில்லை.

இவ்வேற்பிகளில் பல வகைகள் உள்ளன. மூளையில் நிக்கோட்டினை மிக வலுவாகப் பற்றுபவை ஆல்ஃபா-4, பீட்டா-2 என்னும் புரதத் துண்டுகளால் ஆனவை. மரபணு மாற்றத்தால் பீட்டா-2 துண்டு இல்லாமல் பிறந்த எலிகள் நிக்கோட்டினை நாடவில்லை என்று 1998இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அந்த வாயில் இல்லையென்றால் வேட்கையும் இல்லை.

மரத்துப்போதலும் பெருகுதலும்

அசிட்டைல்கோலினை நொடிப்பொழுதில் சிதைக்கும் நொதியால் நிக்கோட்டினை ஒன்றும் செய்ய இயலாது. கல்லீரல் அதனை மெல்ல மாற்றி வெளியேற்றவேண்டும். இரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகிறது. அதுவரை நிக்கோட்டின் ஏற்பியை விடாது பற்றிக்கொண்டிருக்கிறது. ஓயாது அழுத்தப்படும் அழைப்புமணிக்கு வீட்டிலிருப்போர் செவி கொடாமல் போவதுபோல, ஏற்பியும் சற்று நேரத்தில் மரத்துப்போகிறது. நிக்கோட்டின் அதில் அமர்ந்திருந்தாலும் துளை திறப்பதில்லை.

ஓர் இரவு உறங்கி எழும்போது நிலைமை மாறியிருக்கும். 8 மணி நேர உறக்கத்தில் நிக்கோட்டின் நான்கு முறை பாதியாகி, பதினாறில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். மரத்துப்போன ஏற்பிகளில் பல மீண்டும் உயிர்பெற்றிருக்கும். நாளின் முதல் சிகரெட்டே சுவையானது என்று புகைப்போர் கூறுவதன் அடிப்படை இதுவே. அவர்கள் சுவை எனக் கருதுவதில் பெரும்பங்கு, இரவெல்லாம் ஏற்பட்டிருந்த குறையைத் தீர்த்துக்கொண்டதன் நிம்மதியே ஆகும்.

நாள்தோறும் இவ்வாறு நிகழும்போது மூளையின் அமைப்பே மாறுகிறது. அம்மாற்றம் அறிவியலாரையே வியப்பில் ஆழ்த்தியது. பொதுவாக ஒரு வகை ஏற்பி அளவுக்குமீறித் தூண்டப்பட்டால் அதன் எண்ணிக்கையைச் செல் குறைத்துக்கொள்ளும். ஆனால், தொடர்ந்து நிக்கோட்டின் செலுத்தப்பட்ட விலங்குகளின் மூளையில் நிக்கோட்டின் ஏற்பிகள் கூடியிருப்பதை 1983இல் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. மனிதரிலும் இவ்வாறே என்பதை 1988இல் இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து பென்வெல், பால்ஃபர், ஆண்டர்சன் ஆகியோர் உறுதி செய்தனர். புகைத்தவர்களின் மூளையில் ஏற்பிகள் மிகுந்திருந்தன.

இதற்கு இருவகை விளக்கங்கள் தரப்படுகின்றன. மரத்துப்போன ஏற்பிகள் பயனற்றவையாகிவிடுவதால் மூளை அவற்றை ஈடுகட்டுகிறது என்பது ஒன்று. நிக்கோட்டின் செல்லின் உள்ளேயே புகுந்து, ஐந்து புரதத் துண்டுகளும் ஒன்றாகக் கோக்கப்படும் இடத்தில் அவற்றைத் தாங்கிப்பிடித்து, வழக்கத்தைவிடக் கூடுதலான ஏற்பிகள் முழுமை பெற்று மேற்பரப்புக்கு வரச் செய்கிறது என்பது மற்றொன்று. ஏற்பிகள் கூடும்போதும் அவற்றுக்கான மரபணுவின் செய்திப்படிகள் கூடுவதில்லை என்னும் கண்டுபிடிப்பு இரண்டாம் விளக்கத்துக்கே வலுச்சேர்க்கிறது. வேண்டாத விருந்தினர் தாமே நாற்காலிகளைச் செய்து போட்டுக்கொள்கிறார் என்று கொள்ளலாம்.

அந்நாற்காலிகள் எவ்வளவு விரைவாக நிரம்புகின்றன என்பதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஆர்தர் பிராடி குழுவினர் 2006இல் அளந்தனர். மெல்லிய கதிரியக்கமுள்ள பொருளை இரத்தத்தில் செலுத்தி, அது எங்குச் சென்று சேர்கிறது என்பதைக் கருவியால் படம்பிடிக்கும் முறை அது. ஓரிரு இழுப்புகளிலேயே ஆல்ஃபா-4, பீட்டா-2 ஏற்பிகளில் பாதி நிரம்பி, 3 மணி நேரத்துக்கும் மேலாக அப்படியே இருந்தது. ஒரு முழுச் சிகரெட்டில் 88 விழுக்காட்டுக்கும் மேல் நிரம்பின. ஏற்பிகள் ஏறத்தாழ முற்றிலும் நிரம்பும்வரை புகைக்கும் வேட்கை தணியவில்லை என்பதும் அவ்வாய்வின் கண்டுபிடிப்பு. 'ஒரே ஒரு இழுப்புதானே' என்பது எவ்வளவு பெரிய சொல் என்பதை இவ்வெண்கள் காட்டும்.

விட்ட பின்

இனி, ஒருவர் புகைப்பதை நிறுத்திவிட்டார் எனக் கொள்வோம். முதல் நாளில் நிக்கோட்டின் உடலிலிருந்து வெளியேறத் தொடங்குகிறது. ஏற்பிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன, மரத்துப்போனவை விழிக்கின்றன. அவற்றின் எண்ணிக்கையோ புகைக்காதவருக்கு இருப்பதைவிட மிகுதி. பெருகிப்போன ஏற்பிகள் அனைத்தும் காலியாக நின்று காத்திருக்கும் மூளையே அவருடையது. டோபமின் அளவும் தாழ்ந்திருக்கிறது.

எரிச்சல், அமைதியின்மை, கவனம் சிதறுதல், உறக்கக் குறைவு, சோர்வு, மிகுபசி ஆகியவை இக்காலத்தில் தோன்றுகின்றன. இவற்றை விலகல் அறிகுறிகள் என்பர். கடைசிச் சிகரெட்டுக்குப் பின் ஒருநாளுக்குள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் இவை தணிகின்றன. அந்நாள்களில் அவர் காரணமின்றிச் சினந்தால், அச்சினம் அவருடைய இயல்பிலிருந்து பிறந்ததன்று.

அவ்வேற்பிகள் எத்தனை நாள் அப்படி நிற்கும்? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கெல்லி காஸ்குரோவ் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. புகைப்பதை நிறுத்தியவர்களின் மூளையை 1 நாள், 1 வாரம், 2 வாரம், 4 வாரம், 6 முதல் 12 வாரம் எனப் பல கட்டங்களில் அவர்கள் படமெடுத்தனர். முதல் நாளில் காலியான ஏற்பிகள் புகைக்காதவருக்குரிய அளவிலேயே தோன்றின. எஞ்சிய நிக்கோட்டின் இன்னும் சில இடங்களைப் பிடித்திருந்ததே அதற்குக் காரணம். ஒரு வாரத்தில் உண்மை வெளிப்பட்டது: புகைக்காதவரைவிடத் தெளிவாகக் கூடுதலான ஏற்பிகள். நான்காம் வாரத்தில் அவ்வேறுபாடு மங்கியிருந்தது. 6 முதல் 12 வாரங்களில் புகைத்தவர் மூளையையும் புகைக்காதவர் மூளையையும் ஏற்பிகளின் எண்ணிக்கையைக்கொண்டு பிரித்தறிய இயலவில்லை. சப்பானில் 2007இல் வெளியான மற்றோர் ஆய்வில் இம்மீட்சி 21 நாள்களிலேயே காணப்பட்டது. ஆளுக்கு ஆள் வேறுபாடு உண்டென்பதை மறுப்பதற்கில்லை. நான்காம் வாரத்திலும் சிறுமூளையில் ஏற்பிகள் மிகுந்திருந்தவர்களுக்கே வேட்கையும் மிகுந்திருந்தது என்பதையும் யேல் ஆய்வு குறித்துள்ளது. இறந்தோரின் மூளைகளை ஆராய்ந்து 1997இல் வெளியான ஆய்வும், நிறுத்தி இரு மாதங்களுக்கு மேலானவர்களின் ஏற்பிகள் புகைக்காதவர் அளவுக்கு இறங்கியிருந்ததையே காட்டியது.

ஆக, ஒருவர் மிகக் கடுமையாகத் துன்புறும் முதல் இரு வாரங்களே அவர் மூளையில் காலியான ஏற்பிகள் மிகுந்திருக்கும் காலமும் ஆகும். பத்தாம் நாளில் தோற்றுத் திரும்புபவர், சரிவு இறங்கத் தொடங்கும் இடத்துக்கு மிக அருகில் வந்து திரும்பிவிடுகிறார். ஆனால், இச்செய்தியை அவரிடம் எவரும் கூறியிருப்பதில்லை. எந்நாளும் இத்துன்பம் இப்படியே நீடிக்கும் என்றே அவர் எண்ணுகிறார்.

இக்கடின காலத்தைத் தாண்டுவதற்கே மருந்துகள் உள்ளன. நிக்கோட்டின் கலந்த மெல்லும் கோந்தும் தோலில் ஒட்டும் பட்டையும், புகையின் தார், கார்பன் மோனாக்சைடு முதலிய கேடுகளின்றிச் சிறிதளவு நிக்கோட்டினை மெதுவாகத் தந்து, படிப்படியாகக் குறைக்க உதவுகின்றன. வரெனிக்லின் என்னும் மருந்தின் செயல் நுட்பமானது. அது அதே ஏற்பியில் பொருந்தி அதனைப் பாதியளவே தூண்டுகிறது. எனவே வேட்கை தணிகிறது. இடம் ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், இடையில் ஒருவர் புகைத்தாலும் நிக்கோட்டினுக்கு வேலை இல்லாமல் போகிறது. லாபர்னம் என்னும் மரத்தின் விதையிலுள்ள சைட்டிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக்கொண்டு உருவாக்கப்பட்டது இது. மருத்துவரின் அறிவுரையோடு மட்டுமே இவற்றைப் பயன்படுத்துதல் வேண்டும். இந்தியாவில் 2018 முதல் புகையிலைப் பொருள்களின் உறைகளில் 1800-11-2356 என்னும் கட்டணமில்லா எண் அச்சிடப்படுகிறது. புகையிலையைக் கைவிட விரும்புவோர்க்கான தேசிய உதவி எண் அது. வீட்டில் யாரேனும் நிறுத்த முயன்றால் அவ்வெண்ணை எடுத்துக் கொடுப்பவர்களாக நீங்கள் இருக்கலாம்.

உங்கள் பருவத்தினரைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. திட்டமிடுதல், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றுக்குரிய முன்நெற்றி மூளை இருபத்தைந்து வயதளவில்தான் முழு வளர்ச்சி பெறுகிறது. அவ்வளர்ச்சியை நெறிப்படுத்தும் பணியில் அசிட்டைல்கோலின் ஏற்பிகளுக்கும் பங்குண்டு. வளரிளம் பருவத்து எலிகளுக்கு நிக்கோட்டினைச் செலுத்தியபோது, ஏற்பிகளின் பெருக்கம் அதை நிறுத்திய பின்னரும் நெடுநாள் நீடித்தது. வயது வந்தோர்க்கு உரிய வாரக்கணக்கை இளையோர்க்கு அப்படியே பொருத்துதல் இயலாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள்களை விற்பதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதற்கு இந்த உயிரியல் உண்மையும் வலுச்சேர்க்கிறது.

ஏற்பி மறந்தபின்னும்

ஏற்பிகள் இயல்புநிலைக்குத் திரும்பிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? நிறுத்தி ஐந்தாண்டு ஆன ஒருவர், பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் நிற்கும்போது அருகில் எவரோ பற்றவைக்கும் தீக்குச்சியின் ஓசை கேட்டுத் திடீரென வேட்கை கொள்வதுண்டு. அவருடைய ஏற்பிகள் எப்போதோ பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டன. ஆனால், ஆண்டுக்கு 73,000 முறை டோபமின் கற்பித்த பாடம், நரம்பணுக்களுக்கு இடையிலான இணைப்புகளில் நினைவாகப் பதிந்திருக்கிறது. தேநீர், உணவுக்குப் பிந்தைய பொழுது, நண்பரின் குரல், மனக்கவலை என அவர் புகைத்த ஒவ்வொரு சூழலோடும் அந்நினைவு பிணைந்துள்ளது. இந்நினைவு அழிவதில்லை, அதன்மேல் வேறொரு நினைவு படியவேண்டியுள்ளது. தேநீர் அருந்தியும் புகைக்காமல் திரும்பிய ஒவ்வொரு முறையும் அப்புதிய நினைவு சற்றே வலுப்பெறுகிறது. இத்தகைய திடீர் வேட்கை பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். கடையில் இருந்து வெளியே வந்து, ஒரு குவளை நீர் அருந்தி, சற்றுத் தொலைவு நடப்பதற்குள் அது தணிந்துவிடுகிறது.